வண்ணத்துக்குப் பெயர்போன டிசைனர் உண்மையில் என்ன செய்கிறார்? டோரதி டிரேப்பரின் தொழிலும் மதுரைச் சுவர்களும்

மதுரையில் புது வீட்டுக்குப் பூச்சு வேலை முடியும் சமயத்தில் வீட்டுக்காரர் கையில் இரண்டு மூன்று கொட்டேஷன்கள் சேர்ந்துவிடும். ஒன்றில் ‘டிசைன் கட்டணம்’ என்று தனி வரி இருக்கும். இன்னொன்றில் அந்த வரி இருக்காது. வார்ட்ரோபின் சதுர அடி விலை மட்டும் கூடியிருக்கும். மூன்றாவது பெயிண்டர் தந்தது. ஷேட் கார்டை நீட்டி, ‘கலரை நீங்களே பார்த்துச் சொல்லுங்க’ என்பதோடு அது முடிந்துவிடும். கைபேசியில் பார்க்கும் வீடுகளிலோ மயில்கழுத்து நீலம், செங்கல் சிவப்பு, ஆலிவ் பச்சை. சந்தன நிறத்திலும் சாம்பலிலும் கிடந்த சுவர்களுக்கு அடர்நிறம் திரும்பியிருக்கிறது. ஆனால் படத்தில் பார்த்த அதே ஷேடை வாங்கி அடித்தால் அறை இருண்டு, சிறுத்து, தரை அழுக்காகத் தெரிகிறது.

இதில் இரண்டு குழப்பங்கள் உண்டு. நிறம் சொல்வதற்கு ஒருவருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அங்கே எடுபட்ட நிறம் இங்கே ஏன் எடுபடவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு அறையில் செலவு குறைந்த பொருள்களில் நிறமும் ஒன்று. ஆனால் வெளிச்சம், பூச்சு, தரை, மரச்சட்டம் என்று அதற்கு முன்னால் முடிவான எல்லாவற்றுக்கும் அது கட்டுப்பட்டது. வண்ணத்தால் பெயர் வாங்கிய டிசைனர்கள் வண்ணத்துக்கு முந்தைய வேலைகளைக் கையில் வைத்துக்கொண்டவர்கள். 20ஆம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான வண்ணக்காரர்களில் ஒருவரான அமெரிக்க டிசைனர் டோரதி டிரேப்பரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று.

யார் எதற்குப் பொறுப்பு

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. ஆர்க்கிடெக்ட்: கட்டடத்தின் அமைப்பு, திறப்புகள், காற்று, வெளிச்சம். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே இந்தப் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளலாம். சட்டம் காப்பது இந்தப் பட்டத்தைத்தான், வரைபட வேலையை அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

2. இன்டீரியர் டிசைனர்: சுவருக்குள் இருக்கும் அனைத்தும். மின்விளக்குப் புள்ளிகள், தரை, ஃபால்ஸ் சீலிங், மரவேலை, நிறம், திரைச்சீலை. இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் சட்டப் பதிவு கிடையாது. 1972 முதல் இயங்கும் இந்திய இன்டீரியர் டிசைனர்கள் சங்கம் விருப்பத்தின்பேரில் சேரும் அமைப்பு. ஆகவே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்.

3. டெக்கரேட்டர்: முடிந்த அறையில் துணி, படம், நகரும் சாமான்கள். நம் ஊரில் இந்தச் சொல் கல்யாண மண்டப அலங்காரக்காரரையே குறிக்கிறது.

4. கான்ட்ராக்டர்: ஆசாரி, பெயிண்டர், எலக்ட்ரீஷியன் ஆகியோரைக் கூட்டி வேலையை முடிப்பவர். மதுரையில் பல இடங்களில் இவரே டிசைனரும்கூட.

பட்டம் இல்லாதவர் என்பதால் மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. டிரேப்பரும் முறைப்படி படித்தவர் அல்ல. ஆனால் பதிவு இல்லாத தொழில் என்பதால், யாரை நம்புவது என்பதை முடித்த வேலையைப் பார்த்தும் எழுத்தில் உள்ள பொறுப்பைப் பார்த்தும்தான் முடிவு செய்ய வேண்டும்.

டிரேப்பர்: வீட்டிலிருந்து ஓட்டலுக்கு

1889இல் நியூயார்க் மாநிலத்தின் டக்ஸிடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்பில் பிறந்தவர். மருத்துவர் ஜார்ஜ் டிரேப்பரை மணந்தார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இளம்பிள்ளை வாதத்துக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர்களில் ஜார்ஜும் ஒருவர். சொந்த வீடுகளைத் திருத்திப் பழகிய டோரதி, 1925இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். தொடக்கத்தில் அதன் வேலை வீட்டுக்காரர்களையும் பொருத்தமான ஆர்க்கிடெக்ட்டுகளையும் இணைத்துவைப்பது. அலங்காரம் பிறகுதான் வந்தது. பெரிய குடும்பத் தொடர்புகள் அவருக்கு முதலீடாக இருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை.

அவருடைய தொழிலில் கவனிக்க வேண்டிய திருப்பம், வீடுகளை விட்டு வாடகைக் கட்டடங்களுக்கும் ஓட்டல்களுக்கும் போனதுதான். 1930இல் நியூயார்க்கின் கார்லைல் ஓட்டல் முகப்புக்கூடம் வந்தது. வாடகைக்கு ஆள் கிடைக்காமல் கிடந்த பழைய குடியிருப்பு வரிசை ஒன்றும் அவரிடம் வந்தது. சட்டன் பிளேஸ் பகுதியில் இருந்த அந்த வீடுகளின் வெளிச்சுவருக்குக் கறுப்பு அடித்தார். சன்னல் ஓரங்களுக்கு வெள்ளை. கதவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பளிச் நிறம். சுவரை இடிக்காமல் பெயிண்டை மட்டும் வைத்து ஒரு சொத்தின் மதிப்பைக் கூட்டலாம் என்று கட்டட முதலாளிகளுக்குக் காட்டிய வேலை அது. 1937இல் ஹாம்ப்ஷயர் ஹவுஸ் என்ற உயர்ந்த அடுக்குமாடி ஓட்டலின் உள்வேலை முழுவதும் அவர் கையில். கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை, முட்டைக்கோஸ் அளவு ரோஜாப் பூக்கள் அச்சிட்ட துணி, சுவரிலும் கதவு மேலும் தடித்த வெண்சுதை வேலைப்பாடு: அவருடைய முத்திரைகள் அங்கே உறுதிப்பட்டன.

1944இல் பிரேசிலின் பெட்ரோபோலிஸ் நகரில் கிட்டாண்டினியா என்ற சூதாட்ட மாளிகை ஓட்டல். இரண்டே ஆண்டில், 1946இல், பிரேசில் அரசு சூதாட்டத்தையே தடை செய்தது. டிசைன் எவ்வளவு வெற்றி பெற்றாலும் கட்டடத்தின் தொழில் நின்றால் அதோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

உச்சம் கிரீன்பிரையர். மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில் ஒரு ரயில்வே கம்பெனிக்குச் சொந்தமான இந்த ஓட்டலை இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் மருத்துவமனையாக்கியிருந்தது. போருக்குப் பின் அதை மீண்டும் ஓட்டலாக்கும் முழுப் பொறுப்பும் டிரேப்பருக்கு வந்தது, 1948இல் திறந்தார்கள். சுமார் 45,000 கஜம் துணி, 15,000 சுருள் வால்பேப்பர், 40,000 கேலன் பெயிண்ட் செலவானது. பெயிண்டை மட்டும் நம் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர். மெனு அட்டை, தீப்பெட்டி அட்டை, பணியாளர் சீருடை வரை எல்லாம் அவர் நிறுவனத்தின் வரைவு. 1954இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக உணவகம் அவர் கைவண்ணத்தில் வந்தது. இவற்றோடு பேக்கர்ட் கார், கான்வேர் 880 விமானம் ஆகியவற்றின் உட்புறங்களையும் செய்தார். 1969இல் இறந்தார். நிறுவனத்தை ஏற்று நடத்திய கார்ல்டன் வார்னி 2022இல் இறக்கும்வரை அதே பாணியைத் தொடர்ந்தார்.

வண்ணம் நின்றது எதனால்

டிரேப்பரின் அறைகளைப் பார்ப்பவர்கள் சிவப்பையும் பச்சையையும்தான் நினைவில் வைப்பார்கள். ஆனால் அந்தச் சிவப்பைத் தாங்குவது வேறு மூன்று.

ஒன்று, வெள்ளை. அடர்நிறச் சுவரைச் சுற்றி அகலமான வெண்சட்டம், வெண்சுதை, வெள்ளைக் கூரை இருந்தன. நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கோயில் மதிலின் காவிப்பட்டைக்கும் இதே தருக்கம்தான். முழு மதிலுக்கும் காவி அடித்தால் வெறும் செம்மண் சுவர். ஒரே அகலத்தில் வெள்ளை, காவி, வெள்ளை என்று போனால்தான் அரை மைல் தூரத்தில் கோயில் என்று தெரிகிறது. டிரேப்பரும் அகலக் கோடுகளை விடாமல் பயன்படுத்தியவர்.

இரண்டு, அளவு. உயர்ந்த கூரை கொண்ட ஓட்டல் கூடத்தில் பெரிய பூ, பெரிய கட்டம், பெரிய விளக்கு. 10 அடி உயர அறைக்கு அதே அளவுப் பூவைக் கொண்டுவந்தால் அறை பூவுக்குள் போய்விடும். இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அதன் சுதை உருவங்களின் நீலமும் மஞ்சளும் பச்சையும் கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டுவதற்குள் உச்சி வெயிலில் வெளிறி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே பின்னலாகிவிடுகின்றன. அந்தப் பச்சையை அதே அடர்த்தியில் படுக்கையறையில் அடித்தால் கலக்கத் தூரமும் இல்லை, வெளிற வெயிலும் இல்லை.

மூன்று, கட்டுப்பாடு. துணி ஒருவர், தரை ஒருவர், விளக்கு ஒருவர் என்று முடிவெடுத்தால் துணிச்சலான நிறம் சிதறிப்போகும். தீப்பெட்டி அட்டை வரை ஒரே கையில் இருந்ததால்தான் கிரீன்பிரையர் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

கட்டணம் என்பது இந்த மூன்றாவதற்குத்தான். நிறத்தின் பெயரைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த நிறம் அறையில் நிற்கும்படி மற்ற எல்லாவற்றையும் நேர்ப்படுத்துவதற்கே மாதங்கள் ஆகின்றன.

மதுரை வெளிச்சம் வேறு

வெளிநாட்டு அலங்காரக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரு விதி வரும்: வடக்குப் பார்த்த அறைக்கு நேர்வெயில் வராது, ஆகவே அங்கே வெதுவெதுப்பான நிறம் அடியுங்கள். இதை மதுரையில் அப்படியே பின்பற்றக் கூடாது. மதுரை இருப்பது ஏறக்குறைய 9.9 பாகை வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் நேர் கிழக்கு மேற்கிலிருந்து வடக்கே தள்ளித்தான். அதாவது கடும் கோடையில் வடக்குச் சன்னலுக்கும் காலையும் மாலையும் சாய்வெயில் உண்டு. உச்சி வெயிலை சன்ஷேட் தடுத்துவிடும், சாய்வெயிலைத் தடுக்காது. மே மாதத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் அடித்த வடக்கறை சுள்ளென்று எரிவது இதனால்தான்.

அடுத்தது எதிரொளி அளவு (LRV). ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்ற எண் இது. நல்ல வெள்ளைக்கு 80க்கு மேல் வரும். மயில்கழுத்து நீலம் போன்ற அடர்நிறங்களுக்கு 20க்குக் கீழே. பல பெயிண்ட் கம்பெனிகள் ஷேடின் குறியீட்டோடு இதையும் தருகின்றன. பக்கத்து வீட்டுச் சுவர் நான்கடியில் நிற்கும் சிம்மக்கல், நரிமேடு வீடுகளில், ஒரே சன்னல் உள்ள அறையின் நான்கு சுவருக்கும் 20க்குக் கீழான நிறம் அடித்தால் பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கும். அங்கே அடர்நிறத்துக்கு ஏற்ற சுவர் சன்னல் இருக்கும் சுவரோ அதன் எதிர்ச்சுவரோ அல்ல, பக்கச்சுவர். எதிர்ச்சுவர்தான் வெளிச்சத்தை வாங்கி அறைக்குத் திருப்பித் தருகிறது, அதை இருட்டாக்கக் கூடாது.

இரவு வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் செங்கல் சிவப்பு மங்கி மண்ணாகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் அதுவே உயிர் பெறும். நீலத்துக்கு நேர்மாறு. இரண்டு நிறமும் உள்ள அறைக்கு 4000 கெல்வின் பொருத்தம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு ஒரு எண் (CRI) உண்டு. பல்பு பெட்டியில் அது 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கட்டும். 80 என்று போட்ட பல்பில் சிவப்புதான் முதலில் அடிபடும்.

சுவரில் என்ன கெட்டுப்போகிறது, ஏன்

அடர்நிறம் தோற்பதில் பெரும்பங்கு ஷேட் தேர்வால் அல்ல, சுவரால். வரிசை இப்படி:

1. காத்திருப்பு. புதுச் சிமெண்ட் பூச்சு கடும் காரத்தன்மை கொண்டது. குறைந்தது 28 நாள் ஆற வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. அவசரப்பட்டு அடித்தால் காரம் சில சாயங்களைத் தின்றுவிடும். சுவரில் திட்டுத் திட்டாக வெளிறும். வெள்ளையில் இது தெரியாது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரே மாதத்தில் தெரியும்.

2. ஈரச் சோதனை. 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடவும். உள்ளே நீர்முத்து கோத்திருந்தால் சுவர் தயாராகவில்லை. குளியலறைக்குப் பின்சுவர், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரையான பகுதி ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

3. உப்பு. போர்த் தண்ணீரில் கலந்த பூச்சு, ஓதமுள்ள அடித்தளம் ஆகியவற்றால் சுவரில் வெண்பொடி பூக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்து, ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். அதற்கு மேல் பெயிண்ட் அடித்து மறைப்பது ஓர் ஆடி மாதம் வரைக்கும்கூட நிற்காது.

4. பட்டி, அதாவது சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு. வெள்ளைச் சிமெண்ட் பட்டியானால் சுவரை லேசாக நனைத்து இரண்டு கோட். 40 கிலோ மூட்டை சாதாரணப் பூச்சில் ஏறக்குறைய 500 சதுர அடிக்கு வரும். மேடுபள்ளமான சுவரில் 400கூட வராது. உலர்ந்தபின் உப்புத்தாள் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். தூசிமேல் அடித்த பெயிண்ட் ஆறு மாதத்தில் அப்பளமாக உரியும்.

5. பிரைமர். அடர்நிறத்துக்கு வெள்ளை பிரைமரை அப்படியே விடாமல், கடையில் சாம்பலோ அந்த நிறத்தின் இளஞ்சாயலோ கலந்து வாங்குவது நல்லது. காரணம் பெயிண்டின் அமைப்பிலேயே இருக்கிறது. இளநிறங்களை வெள்ளை பேஸில் (சாயம் சேர்க்கும் முன் உள்ள அடிப்படைப் பெயிண்டில்) கலக்கிறார்கள். அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடுதான் சுவரை மூடி மறைக்கும் பொருள். அடர்நிறங்களை அது மிகக் குறைவான பேஸில் கலக்கிறார்கள். ஆகவே சிவப்பும் மஞ்சளும் எத்தனை விலை உயர்ந்த பெயிண்டானாலும் இரண்டு கோட்டில் மூடாது.

6. அளவு. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம். சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. 3 அடிக்கு 7 அடி கதவு 21, 4 அடிக்கு 5 அடி சன்னல் 20 கழித்தால் 399. பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 130 சதுர அடி என்று வைத்தால் 3 லிட்டருக்குச் சற்று மேல். மூன்று கோட்டுக்கு 4.6 லிட்டர். கொட்டேஷனில் ‘அடர்நிறச் சுவர், 2 கோட்’ என்று இருந்தால் அங்கேயே கேள்வி கேட்க வேண்டும்.

7. ஒரே கலவை. மெஷினில் கலந்த இரண்டு டப்பாக்கள் இம்மியளவு மாறலாம். தேவையானதை ஒரே தடவை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தண்ணீர் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் போனால் அடர்நிறம் ரோலர் தடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

8. பளபளப்பு. அதிகப் பளபளப்பு பட்டியின் அலைகளைக் காட்டும். முழு மேட்டில் தோள் உரசினாலே வெளிர்க் கோடு விழும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இடைப்பட்ட மினுமினுப்பு போதும். அடர்நிறச் சுவரில் ஒட்டுப்போடுவது நடக்காது. ஆணி அடித்த இடத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். இதை முன்பே சொல்லாத டிசைனர் பின்னால் திட்டு வாங்குவார்.

வெளிச்சுவருக்கு இன்னொரு பாடம் உண்டு. காவி, மஞ்சள்மண் போன்ற இரும்பு ஆக்ஸைடு சாயங்கள் வெயிலுக்கு அசையாதவை. பளபளக்கும் சிவப்பு, ஊதா, எலுமிச்சை மஞ்சள் பலவும் கரிமச் சாயங்கள். மேற்குச் சுவரில் அவைதான் முதலில் வெளிறும். அடர்நிற மேற்குச் சுவர் வெப்பத்தையும் உறிஞ்சி இரவில் அறைக்குள் விடும் என்பது வேறு.

மாதிரி பார்ப்பது

ஷேட் கார்டின் தபால்தலை அளவுச் சதுரம் பொய் சொல்லும். நான்கு சுவரும் ஒரே நிறமாகும்போது ஒன்றின் ஒளி மற்றொன்றில் விழுந்து நிறம் கார்டில் இருப்பதைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். 2 அடிக்கு 2 அடி பலகையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை விட்டு, அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்துவைத்துக் காலை, நண்பகல், விளக்கு வைத்தபின் என மூன்று நேரமும் பார்க்க வேண்டும். பலகையின் அடிப்பக்கம் தரையைத் தொட வேண்டும். இது முக்கியம். நம் வீடுகளில் அதிகம் போடும் ஐவரி விட்ரிஃபைட் டைல்ஸில் மஞ்சள் சாயல் இருக்கிறது. நீலச் சாயல் கொண்ட வெள்ளைச் சுவர் அதன் பக்கத்தில் வந்தால் புதுத்தரை பழுப்பாகத் தெரியும். வார்னிஷ் அடித்த தேக்கு நிலைக்கு ஆரஞ்சுச் சாயல். பச்சையும் நீலமும் அதோடு ஒத்துப்போகும், ரோஸ் நிறம் மோதும். டிரேப்பரைப் பார்த்து நிலையை வெள்ளையாக்கலாமா என்றால், தேக்குக்குப் பெயிண்ட் அடிக்க மதுரையில் எந்த வீட்டுப் பெரியவரும் சம்மதிக்க மாட்டார். அந்த வேலையை நிலையைச் சுற்றி 4 அங்குல வெள்ளைப் பட்டை பார்த்துக்கொள்ளும்.

கட்டத்தரையும் ஆத்தங்குடியும்

கறுப்பு வெள்ளைக் கட்டத்தரைக்கு 2 அடி டைல்ஸ் போட்டால் 12 அடிக்கு 10 அடி அறையில் 6க்கு 5 கட்டம்தான் வரும். சதுரங்கத்தின் அழகு இராது. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியின் 8 அங்குலக் கல் இங்கே கச்சிதம்: 18க்கு 15 வரிசை, 270 கல், உடைசலுக்கு 20 கூடுதல். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணல் சிமெண்ட் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் இந்தக் கல்லில் நிறம் வருவது ஆக்ஸைடிலிருந்து. ஆகவே காவி, மஞ்சள், பச்சைச் சுவர்களோடு இயல்பாகச் சேரும்.

கெடுவது எங்கே? இரண்டு இடத்தில். இந்தக் கல் விட்ரிஃபைட் டைல்ஸைவிட இரு மடங்கு கனம். பக்கத்து அறையின் தரைமட்டத்தை முன்பே கணக்கிடாவிட்டால் வாசலில் தடுக்கல் வரும். மற்றொன்று, வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவது. சிமெண்ட் கல்லின் மேல்பரப்பையே ஆசிட் தின்றுவிடும். விட்ரிஃபைட் பழக்கத்தில் இருக்கும் ஆட்களிடம் இதைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சொல்ல வேண்டும்.

மதுரையில் இந்தத் தொழிலுக்கு வரும் வழியும் வருமானமும்

ஐந்தாண்டு பி.ஆர்க் படித்துவிட்டு உள்வேலைக்குத் திரும்புபவர்கள் ஒரு சாரார். தியாகராசர் பொறியியல் கல்லூரியிலேயே பி.ஆர்க் இருக்கிறது. நான்காண்டு பி.டெஸ் (டிசைன் பட்டப்படிப்பு) அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் இன்னொரு சாரார். மரவேலை, பெயிண்ட் கான்ட்ராக்ட் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் மூன்றாவது. முதல் இரண்டு சாராருக்கு வரைபடம் கைவரும், சைட் பிடிபட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மூன்றாமவருக்கு நேர்மாறு.

கட்டண முறைகளில் வேலை மதிப்பில் ஒரு விழுக்காடு, பரப்புக்கு இவ்வளவு, ‘டிசைன் இலவசம்’ என்று மூன்றைத்தான் அதிகம் பார்க்கிறோம். 10 லட்சம் ரூபாய் வேலைக்கு 10 விழுக்காடு பேசினால் 1 லட்சம், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 18,000. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனி டிசைனர் இந்த வரியை வசூலிக்கக் கூடாது. இலவசம் என்பதில் கட்டணம் பிளைவுட் விலைக்குள்ளும் கடைக் கமிஷனுக்குள்ளும் போயிருக்கும். அது குற்றம் அல்ல, ஆனால் அவர் உங்களுக்காகப் பொருள் தேர்ந்தெடுக்கிறாரா தனக்காகவா என்பது தெரியாமல் போகும். எந்தக் கடையில் என்ன கமிஷன் என்று நேராகக் கேட்பதே நல்லது, சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நிறத்தை வைத்தே பெயர் எடுக்க நினைக்கும் இளையவர்களுக்கு டிரேப்பரின் திருப்பம்தான் கணக்கு. வீட்டுக்காரர் நிறத்தோடு பத்தாண்டு வாழ வேண்டும். மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும். ஒரு வீடு முடிந்தால் அடுத்த வேலை அந்த வீட்டிலிருந்து வராது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ், பிரியாணிக் கடை, பல் மருத்துவமனை, திருமண மண்டபம் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே நிறம் ஆளை உள்ளே இழுக்கும், ஞாபகத்தில் நிற்கும், நான்கைந்து ஆண்டுக்கொரு முறை மாறும். நிறம் எங்கே வருமானம் தருகிறதோ அங்கேதான் நிறத்துக்குத் தனியாகக் கூலி கிடைக்கும்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

வார்ட்ரோபின் ‘சதுர அடி’ முன்பக்கப் பரப்பு மட்டுமே. 7 அடிக்கு 7 அடி என்றால் 49 சதுர அடிக்குத்தான் பில். ஆனால் 2 அடி ஆழத்தில் பக்கவாட்டு, மேல் கீழ், நடுத்தடுப்பு, நான்கு தட்டு, கதவு எல்லாம் சேர்த்தால் 18 மில்லிமீட்டர் பிளைவுட் சுமார் 147 சதுர அடி. 8 அடிக்கு 4 அடித் தாளில் ஐந்து. முதுகுப் பலகை தனி. தட்டுகளைக் குறைத்தோ பலகைக் கனத்தைக் குறைத்தோ விலையை இறக்க முடியும் என்பதால், இரண்டு கொட்டேஷன்களைச் சதுர அடி விலையில் ஒப்பிடுவது வீண். உள்வரைபடமும் தாள் எண்ணிக்கையும் கேளுங்கள். சமையலறைக்கும் குளியலறை ஒட்டிய சுவருக்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, நீரைத் தாங்கும் பிளைவுட், மற்ற இடத்துக்குப் பொதுப் பயன்பாட்டு ஐஎஸ் 303 என்று எழுத்தில் இருக்கட்டும். பரண் கதவு தனியா, சேர்த்தா என்பதும்.

பெயிண்டுக்கு: கம்பெனி, வரிசைப் பெயர், ஷேட் குறியீடு, பேஸ், கோட் எண்ணிக்கை, பட்டி எத்தனை கோட், கதவு சன்னலைக் கழித்து அளக்கிறார்களா. அடர்நிறங்களுக்கு விலை கூடுதல். ‘எந்த ஷேடானாலும் ஒரே ரேட்’ என்பவர் மூன்றாவது கோட்டை அடிக்கப் போவதில்லை.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: வரைபடம் முடிந்ததும், பொருள் சைட்டுக்கு வந்ததும், பொருத்தி முடித்ததும். கடைசி 5 முதல் 10 விழுக்காட்டைக் குறைபாட்டுப் பட்டியல் தீரும்வரை நிறுத்திவைக்கலாம். அந்தத் தொகையைக் கொடுக்கும் நாளில் மூன்று பொருள்களைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு சுவரின் ஷேட் குறியீடும் கலந்த தேதியும் எழுதிய தாள், லேமினேட் எண்கள், ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மீதப் பெயிண்ட். பெயிண்டை விளிம்பு வரை நிரம்பும் சிறு டப்பாவுக்கு மாற்றிவைத்தால் காற்றுப் புகாது, மேலே ஆடை கட்டாது.